சித்திரம் சோறு போடுமா?

(நம் சங்கக் கூட்டமொன்றில் நிகழ்த்திய உரை)



பல்கலைக்கழகத்தில் சித்திரமும் வடிவமைப்பும் பயில்கிறேன் என்று சொன்னால், அம்பிட்டியவில் பெரியவர்கள் கேட்கும் கேள்வி ஒன்றுதான்: “தம்பி, படம் கீறினால் சோறு கிடைக்குமா?” இதில் ஏளனம் இல்லை. வயிற்றைக் கட்டிப் பிள்ளைகளைப் படிக்கவைத்தவர்களின் கவலை இது. ஆகவே நேரான விடை கூறுவது என் கடமை.

முதலில் இவ்வித்தை யாதென்று பார்ப்போம். சுவரில் மாட்டும் ஓவியம் அதன் ஒரு கிளையே. காலையில் நாம் விரிக்கும் பத்திரிகை, பிள்ளையின் பாடநூல், மருந்துப் போத்தலின் மேலொட்டிய தாள், பஸ் வண்டியின் பெயர்ப்பலகை, கைத்தொலைபேசியின் திரை இவையெல்லாம் யாரோ ஒருவர் அளந்து அமைத்தவை. எழுத்து எவ்வளவு பருமன், எந்த நிறம், எவ்வளவு வெற்றிடம் என்று தீர்மானிப்பதே வடிவமைப்பு. நம் மலைநாட்டுத் தேயிலையை நினைத்துப் பாருங்கள். சாக்கில் போகும் தூளுக்கு ஒரு விலை. அழகிய பெட்டியில் பெயரோடு போகும் தூளுக்கு வேறு விலை.

இனித் தமிழின் நிலையைப் பார்ப்போம். 1987ஆம் ஆண்டில் நிறைவேறிய அரசியலமைப்பின் 13ஆவது திருத்தத்தால் தமிழும் அரச கரும மொழியாயிற்று. பலகைகளில் மூன்று மொழிகள் எழுதப்படுகின்றன. சிங்களத்தில் ‘ரோஹல’ மூன்றெழுத்து. தமிழில் ‘வைத்தியசாலை’ ஆறெழுத்து. இடமோ ஒரே அளவு. தமிழ் அறியாதவர் அமைத்தால் தமிழை நசுக்கிச் சிறிதாக்கிவிடுவார். ஒரு புள்ளி விழுந்தால் ‘மண்’ ‘மண’ ஆகிவிடும். ‘எ’வுக்கும் ‘ஏ’வுக்கும் வேற்றுமை ஒரு கோடுதான். பிழையான பலகையைப் படமெடுத்து எல்லோருக்கும் அனுப்பிக் கோபப்படுகிறோம். அந்தப் பலகையை அமைக்கும் மேசையில் தமிழ் வாசிக்கத் தெரிந்த ஒருவர் இருக்க வேண்டாமா? அவர் எங்கிருந்து வருவார்? நம் வீடுகளிலிருந்துதான் வரவேண்டும்.

இது புதிய எண்ணமன்று. நல்லூர் ஆறுமுக நாவலர் யாழ்ப்பாணத்து வெஸ்லியன் மிஷன் பாடசாலையில் கற்று, அங்கேயே ஆசிரியராயும் இருந்தவர். அச்சின் வலிமையை அங்கே கண்டறிந்தார். 1849இல் சென்னை சென்று அச்சியந்திரம் வாங்கிவந்து வண்ணார்பண்ணையில் நிறுவினார். மிஷன் பாடசாலையில் படித்த எனக்கு இதில் ஒரு பாடம் உண்டு. எங்கே கற்றாலும், கற்ற தொழில் நம் மக்களுக்குப் பயன்படவேண்டும்.

நம் கண்டியோடு தொடர்புடைய இன்னொருவர் கலாயோகி ஆனந்த குமாரசுவாமி. சேர் முத்துக்குமாரசுவாமியின் புதல்வர். மண்ணையும் கல்லையும் ஆராயும் விஞ்ஞானியாக இலங்கையில் உத்தியோகம் பார்த்தவர். கண்டி நாட்டுச் சித்திரக்காரர், தட்டார் முதலியோரின் கைவேலை அவர் மனத்தைக் கவர்ந்தது. அதைப்பற்றித் தாம் எழுதிய பெருநூலை இங்கிலாந்தில் கையச்சில் தம் மேற்பார்வையிலேயே அச்சிடுவித்து, 1908இல் 425 பிரதிகளாக வெளியிட்டார். நூலின் பொருளைப்போல் அதன் உருவமும் சிறக்கவேண்டும் என்பது அவர் கொள்கை. பின்னர் அமெரிக்காவில் பொஸ்டன் நகரக் கலைக்கூடத்தில் பணியாற்றி உலகப் புகழ் பெற்றார்.

இக்கல்வியைத் தமிழிலேயே பெறலாம். யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்தில் சேர் பொன். இராமநாதன் பெயர் தாங்கும் நுண்கலைப் பகுதியிலும், மட்டக்களப்பில் சுவாமி விபுலாநந்த அழகியற் கற்கைகள் நிறுவகத்திலும் அதற்கு இடமுண்டு. ஆங்கிலத்தில் கற்க விரும்புவோர்க்கு மொறட்டுவைப் பல்கலைக்கழகத்தில் வடிவமைப்புப் பட்டம் உண்டு. உயர்தரப் பெறுபேறு மட்டும் போதாது. கையின் திறமையைச் சோதிக்கும் பரீட்சையிலும் தேறவேண்டும். அதற்குப் பல வருடப் பயிற்சி வேண்டும்.

செல்வம் குவியும் என்று நான் வாக்குறுதி தரமாட்டேன். சித்திர ஆசிரியராக அரசாங்க நியமனம் பெறுவோர்க்கு ஓய்வூதியம் உண்டு. மற்றவர்கள் அச்சகம், பத்திரிகை, விளம்பர நிறுவனம், கணினி நிறுவனம் என்று வேலை தேடிப்போகவேண்டும். வேலை கொடுப்பவர் பத்துமுறை மாற்றச் சொன்னாலும் முகம் சுளிக்கக்கூடாது. “இப்போது கணினியே நொடியில் படம் கீறுகிறதே” என்பீர்கள். உண்மைதான். வெறும் படம் மட்டும் கீறத் தெரிந்தவனுக்கு இது ஆபத்தான காலம். ஆனால் அந்த இயந்திரம் தமிழ் எழுத்தைச் சிதைத்துத் தருவதையும் கண்டிருப்பீர்கள். எது பிழை, எது அழகு, எது நம் மக்களுக்குப் பொருந்தும் என்று அறிந்தவனுக்கு என்றும் வேலை உண்டு.

ஆகவே பெற்றோரிடம் ஒரு விண்ணப்பம். கீறும் பிள்ளையின் கையிலிருந்து பென்சிலைப் பறிக்காதீர்கள். சாதாரண தரத்தில் சித்திரத்தை ஒழுங்காகப் படிக்கவிடுங்கள். இளைஞர்களே, விருப்பம் மட்டும் போதாது. தினமும் கீறுங்கள், நல்ல தமிழ் வாசியுங்கள், சிங்களமும் ஆங்கிலமும் கற்றுக்கொள்ளுங்கள். நம் சங்கம் ஞாயிற்றுக்கிழமைகளில் சிறுவர்க்கு ஒரு சித்திர வகுப்பு நடத்தட்டும். என்னால் இயன்ற மட்டும் கற்பிக்கச் சித்தமாயிருக்கிறேன். அடுத்த ஆண்டு மலரின் அட்டையை அவ்வகுப்புப் பிள்ளையொருவர் அமைக்கட்டும். அவருடைய பெயரையும் உள்ளே அச்சிடுவோம்.