மானம் பார்க்கிறவர்கள்

(தல்லாகுளத்தில் நண்பர் ஒருவர் வீட்டு மொட்டைமாடியில், அவரவர் எடுத்த மேகப் படங்களைக் கொண்டுவந்து பார்த்துக்கொண்ட ஒரு ஞாயிறு மாலையில் பேசியதன் எழுத்து வடிவம்.)



கொடியில் கிளிப் போட்டு மாட்டியிருக்கிற படங்கள் மொத்தம் முப்பத்தொன்று. ஒன்பது என்னுடையவை, மற்றதெல்லாம் உங்களுடையவை. எல்லாமே கறுப்பு வெள்ளை. காத்து அடிக்குது, ஓரத்தில் இருக்கிறவங்க கொடியைக் கொஞ்சம் பிடிச்சுக்கங்க.

போன தடவை கூடினபோது கல்லூரித் தம்பி ஒருத்தர் கேட்டார்: "அண்ணே, வேங்கைவயல்ல குடிக்கிற தண்ணித் தொட்டியில மலம் கெடந்துச்சு. நீங்க மேகத்தப் படம் புடிச்சுக்கிட்டு இருக்கீங்க." அன்றைக்கு எனக்குப் பதில் வரவில்லை. கவுண்டரில் பணம் எண்ணும்போதும் அந்தக் கேள்வி ஓடிக்கொண்டே இருந்தது. இரண்டு முறை கட்டைத் திரும்ப எண்ணினேன். இப்போது சொல்லிப் பார்க்கிறேன்.

அமெரிக்காவில் ஆல்பிரட் ஸ்டீக்லிட்ஸ் என்று ஒரு புகைப்படக்காரர். 1922இல் லேக் ஜார்ஜ் என்ற இடத்தில் மேகங்களைப் படம் எடுக்க ஆரம்பித்தார். பத்து வருசத்துக்கு மேல் எடுத்தார். இருநூறுக்கும் அதிகமான படங்கள், எல்லாம் சின்னச் சின்னப் பிரிண்டுகள். 'ஈக்விவலன்ட்ஸ்' என்று பெயர் வைத்தார். தன் மனநிலைக்குச் சமானமானவை என்று பொருள். பல படங்களில் மரம் இல்லை, மலை இல்லை, அடிவானம் இல்லை. எது மேல், எது கீழ் என்று சொல்ல முடியாது. எனக்குப் பிடித்த இடம் அதுதான். மேல்கீழ் இல்லாத ஒரு படத்தை நம்ம ஆள் பார்த்தால் சும்மா பார்க்க மாட்டான்.

அவர் ஏன் மேகத்துக்குப் போனார்? ஆட்களை வசியம் பண்ணிப் படம் எடுக்கிறார், அதனால்தான் படம் நன்றாக வருகிறது என்கிற மாதிரி ஒரு எழுத்தாளர் எழுதிவிட்டார். ரோசம் வந்துவிட்டது. மேகத்தை யார் வசியம் பண்ணுவது? அது எல்லாருக்கும் கிடக்கிறது, அதற்கு இன்னும் வரிகூடப் போடவில்லை என்று 1923இல் எழுதினார்.

வரி இல்லை, சரி. ஆனால் அவருக்குத் தெரியாத ஒன்று நமக்குத் தெரியும். மேலே கிடக்கிறவரைதான் அது பொது. சொட்டாகி மண்ணைத் தொட்டதும் ஊர்த்தண்ணி, சேரித்தண்ணி என்று ஆகிவிடுகிறது. 1927 மார்ச் 20இல் மகாத் சவ்தார் குளத்தில் அண்ணல் அம்பேத்கர் அள்ளிக் குடித்தாரே, அதுவும் ஒருகாலத்தில் மேகமாக இருந்த தண்ணிதான். 2022 டிசம்பரில் வேங்கைவயல் தொட்டியில் மலம் கிடந்த தண்ணியும் அதேதான். தம்பி கேட்டது வேறே விசயம் இல்லை. இந்தப் படங்களில் இருப்பதன் பின்பாதியைத்தான் கேட்டார்.

என் தாத்தா நீர்பாய்ச்சி. மேலூர்ப் பக்கம் ஒரு கண்மாய். மடை திறக்கிறது, அடைக்கிறது, யார் வயலுக்கு எவ்வளவு நேரம் தண்ணி என்று பார்த்து விடுகிறது அவர் வேலை. ஐப்பசி இருட்டில் முங்கி மடையைத் திறந்திருக்கிறார். ஊருக்கே தண்ணி பிரித்துக் கொடுத்த மனுசன், ஊர்க்கிணத்தில் ஒரு வாளி இறைக்க முடியாது. களத்தில் நெல்லைத் தள்ளி நின்றுதான் வாங்க வேண்டும். தெருவில் போகும்போது குனிந்த தலை. ஆனால் கண்மாய்க் கரையில் ஏறிவிட்டால் நிமிர்ந்துவிடுவார். நெற்றியில் கையை வைத்து அண்ணாந்து பார்ப்பார். அப்போது மட்டும் "என்னடா தலையத் தூக்குற" என்று ஒருத்தனும் கேட்டதில்லை. கேட்டால் அவன் வயல் முங்கிப்போகும். "என்னப்பா, மானம் எப்படியிருக்கு?" என்று அவனே வந்து கேட்பான்.

எங்க ஊர்ப் பேச்சில் வானம் என்கிற சொல்லே கிடையாது. மானம்தான். மானம் பார்த்த பூமி. மானம் கருத்திருக்கு. அந்த வார்த்தைக்கு இன்னொரு அர்த்தமும் உண்டு என்பதை நான் சொல்ல வேண்டியதில்லை.

1802இல் லண்டனில் லூக் ஹோவர்ட் என்ற மருந்து வியாபாரி மேகங்களுக்கு லத்தீனில் பெயர் வைத்தார். குமுலஸ், ஸ்ட்ராட்டஸ், சிர்ரஸ், நிம்பஸ். இன்றைக்கும் உலகம் முழுக்க அந்த வழிதான். நல்ல வேலை, மறுக்கவில்லை. ஆனால் தாத்தாவிடமும் மோடம், மப்பு, மந்தாரம், கொண்டல், மழைக்கால் என்று வார்த்தைகள் இருந்தன. எழுதி வைக்கத்தான் ஆளில்லை. எங்கள் வீட்டில் முதலில் எழுதப் படித்தது அப்பா.

தாது வருசப் பஞ்சம் தெரியும். 1876–78. ஐம்பது லட்சத்துக்கும் மேல் செத்தார்கள் என்று கணக்கு. நிலமில்லாத கூலிசனம்தான் முதலில் செத்தது. சென்னை மாகாணத்தில் ஹூப்பர் என்ற ராணுவ அதிகாரி அவர்களை வரிசையாக உட்காரவைத்துப் படம் எடுத்தார். எலும்பை எண்ணலாம். அந்தக் காலத்துத் தகட்டுக்கு நீலமும் வெள்ளையும் ஒன்றுதான், வானம் வெறும் வெள்ளையாகத்தான் விழும். மேலே ஒரு மேகம் நின்றிருந்தாலும் படத்தில் வந்திருக்காது. செத்துக்கொண்டிருந்தவர்கள் எதை அண்ணாந்து பார்த்தார்களோ அதைப் பிடிக்க அந்தக் கேமராவால் முடியவில்லை.

பஞ்சங்களுக்குப் பிறகு வெள்ளைக்கார அரசாங்கம் சூரியனை ஆராய்ந்தால் பருவமழையின் போக்கு பிடிபடும் என்று யோசித்தது. 1893இல் முடிவெடுத்து, கொடைக்கானலில் சூரிய ஆய்வுக்கூடம் கட்டி, 1901இல் நோக்க ஆரம்பித்தார்கள். நூறு வருசத்துக்கு மேற்பட்ட சூரியப் படங்கள் அங்கே இருக்கின்றன. மேகம் மூடின நாளில் மட்டும் படம் கிடையாது. மழைக்காகக் கட்டின இடத்தில் மேகம் இடைஞ்சல்! இங்கிருந்து வடமேற்கே தெளிவான நாளில் அந்த மலை தெரியும்.

இனி தொழில் விசயம், புதுசா வந்தவங்களுக்காக. கறுப்பு வெள்ளை பிலிமில் வெறும் கண்ணாடியில் எடுத்தால் மேகம் வெளிறிப்போகும். லென்சில் மஞ்சள் பில்டர் போட்டால் நீலம் கொஞ்சம் கறுக்கும். சிவப்பு போட்டால் நல்லாக் கறுக்கும். வெளிச்சம் எட்டில் ஒரு பங்காகக் குறைந்துவிடும், அதற்கேற்ப ஷட்டரை மெதுவாக வைக்கணும். வானம் கறுத்தால்தான் மேகம் துலங்குகிறது. ஊட்டியில் நம்ம அரசாங்கக் கம்பெனி இந்து பிலிம் செய்தது. அது மூடிவிட்டார்கள். இப்போது ஒரு ரோலுக்குக் கொடுக்கிற காசை நினைத்தால், ஒரு மேகத்துக்காக அரைமணி நேரம் விரலை மடக்கி வைத்துக்கொண்டு நிற்கத் தோன்றுகிறது.

பிலிமின் மேல் வெள்ளி உப்பை ஒட்டவைத்திருப்பது ஜெலட்டின். மாட்டுத்தோல், மாட்டெலும்பு காய்ச்சின பசை. அந்தப் பசை சும்மா ஒட்டுகிறதோடு நிற்கவில்லை. கடுகு மாதிரிச் செடிகளை மேய்ந்த மாட்டின் ஜெலட்டினில் இருக்கிற கந்தகச் சத்துதான் பிலிமுக்கு வெளிச்சத்தைப் பிடிக்கிற சக்தியைக் கூட்டுகிறது என்று கொடாக்கில் வேலை பார்த்த ஷெப்பர்ட் 1925இல் கண்டுபிடித்தார்.

நான் வேலை பார்த்த ஒரு கிளையில் மேலதிகாரி ஒருத்தர் என் படத்தைப் பார்த்து, "தெய்வீகமா இருக்கு சார், பூஜை அறையில மாட்டிக்கிறேன்" என்று கேட்டு வாங்கிக்கொண்டு போனார். பழகின பிறகு ஒருநாள் பேச்சுவாக்கில் இந்தப் பசைக் கதையைச் சொன்னேன். பிரிண்ட் தாளிலும் அதே பசைதான் என்று சேர்த்துச் சொன்னேன். மறுநாள் படம் பாலிதீன் பையில் என் மேசைமேல் இருந்தது. அவர் என் கையில்கூடத் தரவில்லை. அந்தப் படம்தான் இடமிருந்து நாலாவது. நம்ம சனம் உரித்த தோலும் சுமந்த எலும்பும் இல்லாமல் இந்த நூற்றைம்பது வருசத்தில் ஒரு பிலிம் சுருள் ஓடியிருக்குமா என்று அதைப் பார்க்கிறபோதெல்லாம் நினைத்துக்கொள்வேன். கொஞ்சம் சிரிப்பும் வரும்.

கடைசிப் படம். தாத்தாவுக்கு ஒரு போட்டோ கிடையாது. முகம் எனக்கே மங்கலாகத்தான் ஞாபகம். போன ஐப்பசியில் அந்தக் கண்மாய்க் கரையில் அவர் நின்ற இடத்தில் போய் நின்றேன். மடைக்கல் இன்னும் இருக்கிறது. அழகர்மலைப் பக்கம் மழைக்கால் இறங்கிக்கொண்டிருந்தது. எடுக்கிறதுக்குள் இங்கேயும் தூற ஆரம்பித்து லென்சில் சொட்டு விழுந்துவிட்டது. வலது ஓரம் கலங்கலாகத் தெரிவது அதுதான். பிரிண்ட் போடும்போது வெட்டிவிடலாம் என்றார்கள். வெட்டவில்லை.

தம்பி, கிட்ட வந்து பாருங்க. கீழே, மூலையில. அந்தக் கறுப்பாத் தெரியுதே, அது மடைக்கல்.

மேற்கே மோடம் போடுது. முதல்ல படத்தையெல்லாம் கழட்டி உள்ள வச்சிருவோம். டீ வந்துருச்சு.