பொறுத்துக்கொள்ளப் பழகிய நோ

(நூற்றாண்டு ஒன்றுகூடலில், வைத்தியத் துறையில் பணியாற்றும் பழைய மாணவிகள் சார்பில் ஆற்றிய உரை)



மாதவிடாய் நாட்களில் வயிற்றைப் பிடித்துக்கொண்டு பின்வாங்கில் சுருண்டிருந்ததை நாம் எவரும் மறக்கவில்லை. “பொம்பிளைப்பிள்ளை பொறுக்கத்தான் வேணும்” என்றார்கள், பொறுத்தோம். அந்தப் பழக்கம் பின்னாளிலும் எம்மை விடவில்லை.

எங்கள் வகுப்புத் தோழி ஒருத்திக்குச் சிசேரியன் நடந்து 2 வருடங்களின் பின் அடிவயிற்றில் ஒரு பக்கம் இழுக்கத் தொடங்கியது. புரண்டு படுத்தாலும் வாளி தூக்கினாலும் நோ. ஸ்கானில் ஒன்றும் தெரியவில்லை என்றதும், தன் மனப்பிரமை என எண்ணி 7 வருடங்கள் பேசாதிருந்தாள். லப்பறொஸ்கோப்பி மூலம் உள்ளே பார்த்தபோதுதான் கருப்பையோடு குடல் ஒட்டியிருந்தது தெரிந்தது.

இதுவே இடுப்புக்குழி ஒட்டுதல். காயம் ஆறும்போது உண்டாகும் தழும்பு இழையம், தனித்தனியே அசையவேண்டிய உறுப்புகளைப் பிணைத்துவிடுகிறது. சிசேரியன், வெடித்த குடல்வால், கருப்பைக் கட்டி அகற்றல் போன்ற சத்திரசிகிச்சைகளின் பின்னரும், இடுப்புக்குழித் தொற்று, என்டோமெற்றியோசிஸ் ஆகியவற்றாலும் இது வரலாம். பலருக்கு எந்தத் தொல்லையும் இராது.

ஆனால், 6 மாதங்களுக்கு மேல் நீடிக்கும் அடிவயிற்று நோ, திடீரென அசையும்போது இழுப்பு, மலம் கழிக்கையில் அல்லது தாம்பத்திய உறவின்போது வலி, கருத்தரிக்கத் தாமதம் ஆகியவை இருந்தால் வைத்தியரிடம் சொல்லுங்கள். பழைய சத்திரசிகிச்சைகளையும் மறவாமல் கூறுங்கள். மெல்லிய ஒட்டுதல்கள் ஸ்கானில் பெரும்பாலும் தெரிவதில்லை. ஆகவே ஸ்கான் சரியென்றால் நோ பொய்யென்று ஆகிவிடாது. நோ வந்த நாள், செய்த வேலை, மாதவிடாய்த் திகதி மூன்றையும் கொப்பியில் குறித்துச் செல்லுங்கள்.

வயிறு ஊதி, முறுக்கி வலித்து, வாந்தியுடன் மலமும் காற்றும் போகாவிட்டால் குடல் அடைபட்டிருக்கலாம். மாதவிடாய் தள்ளியபின் ஒரு பக்கத்தில் கடும் நோவும் தலைச்சுற்றும் வந்தால், கரு குழாயில் தங்கியிருக்கலாம். இரண்டுக்கும் விடியும்வரை காத்திராமல் வைத்தியசாலைக்குப் போகவேண்டும்.

ஒட்டுதலைப் பிரித்தாலும் மீண்டும் ஒட்டக்கூடும் என்பதால் எல்லோருக்கும் சத்திரசிகிச்சை தேவைப்படாது. எங்கள் தோழிக்கும் நோ முற்றாகப் போகவில்லை. ஆனால், “நான் சொன்னது பொய்யில்லை எண்டு தெரிஞ்சதே பெரிய ஆறுதல்” என்கிறாள்.

தோழியரே, இன்று வீடு திரும்பியதும் உங்கள் மகளிடமோ மருமகளிடமோ ஒருமுறை கேளுங்கள்: “உனக்கு எங்கேயாவது நோகுதா பிள்ளை?”