காடி வானொலியும் களைத்துப்போன பேட்டரியும்



வானொலியில் பேச வந்துவிட்டு வானொலியையே குறை கூறலாமா என்று நீங்கள் கேட்கக்கூடும். நான் குறை கூறப்போவது உங்கள் அடுப்பங்கரைப் பலகையில் அமர்ந்து பாடிக்கொண்டிருக்கும் வானொலியை அன்று. காடிக்குள் பொருத்தப்பட்டிருக்கும் வானொலியை. அதிலும் எல்லாவற்றையும் அன்று. சாவியை எடுத்த பிறகும் உறங்காமல் விழித்திருந்து, பேட்டரியின் சக்தியை உறிஞ்சிக்கொண்டிருக்கும் வானொலியை மட்டும்.

ஒரு காலத்தில் தோட்டத்தில் காடி என்றால் அது துரையின் காடிதான். 1985-ஆம் ஆண்டில் புரோட்டோன் சாகாவும், 1994-ஆம் ஆண்டில் பெரோடுவா கஞ்சிலும் வந்தன. அதன் பின்னர், புதிதாக வாங்க இயலாவிட்டாலும் பழையதாக ஒன்றை வாங்கி லயத்து வாசலில் நிறுத்தும் குடும்பங்கள் பெருகின. மகிழ்ச்சிதான். ஆனால், பழைய காடியை வாங்கும்போது, அதை முன்பு வைத்திருந்தவர்கள் செய்துவைத்த ஒட்டு வேலைகளும் நம்மோடு சேர்ந்தே வந்துவிடுகின்றன. என் காடிக்கும் அப்படித்தான் நேர்ந்தது.

2014-ஆம் ஆண்டு. நான் குடியிருந்த தோட்டத்திற்கும் கற்பித்த பள்ளிக்கும் 20 கிலோமீட்டர் தொலைவு. பழைய காடி ஒன்று வைத்திருந்தேன். அதில் யாரோ பின்னாளில் மாட்டிய வானொலி ஒன்று இருந்தது. வாரநாள்களில் காடி ஒழுங்காக ஓடும். திங்கட்கிழமை காலையில் மட்டும் மக்கர் பண்ணும். சாவியைத் திருப்பினால் ‘டிக், டிக்’ என்ற ஓசை கேட்கும்; எஞ்சின் சுற்றாது. பேட்டரிக் கடைக்காரர், “பேட்டரி போய்விட்டது” என்றார். 180 வெள்ளி கொடுத்துப் புதியது வாங்கினேன். மூன்றே வாரத்தில் பழைய கதை தொடங்கியது.

அப்போது என் தம்பி மகன் எங்கள் வீட்டில் தங்கிப் படித்துக்கொண்டிருந்தான். மாலையில் காடிக்குள் அமர்ந்து பாட்டுக் கேட்பது அவன் வழக்கம். “நீதான் விளக்கை அணைக்காமல் விட்டுவிடுகிறாய்” என்று அவனைக் கடிந்துகொண்டேன். “இல்லை அத்தை, நான் எல்லாவற்றையும் அடைத்துவிட்டுத்தான் வந்தேன்” என்று அவன் சொன்னதை நான் நம்பவில்லை. காடிச் சாவியை அவன் கையில் கொடுப்பதையே நிறுத்திவிட்டேன். பிறகு அவன் பாட்டுக் கேட்கவுமில்லை. என்னிடம் முன்போல் பேசவுமில்லை.

ஒரு ஞாயிற்றுக்கிழமை இரவு 11 மணிக்கு அடுத்த வீட்டுத் தாய் ஓடிவந்து கதவைத் தட்டினார். அவருடைய ஆறு வயது மகனுக்கு இளைப்பு. மூச்சு வாங்க முடியாமல் தவித்தான். பையனைப் பின் இருக்கையில் அவன் தாயின் மடியில் கிடத்திவிட்டுச் சாவியைத் திருப்பினேன். ‘டிக்’ என்று ஒரே ஓசை, அவ்வளவுதான். மேட்டு லயத்திற்கு ஆள் அனுப்பி, உறங்கிக்கொண்டிருந்த லாரி ஓட்டுநரை எழுப்பி, அவர் லாரியைக் கொண்டுவருவதற்குள் நாற்பது நிமிடம் ஆகிவிட்டது. பையன் பிழைத்துக்கொண்டான். ஆனால் அந்த நாற்பது நிமிடமும் என் காடிக்குள் அமர்ந்திருந்த அந்தத் தாயின் முகத்தை என்னால் இன்றும் மறக்க முடியவில்லை.

மறுநாள், எங்கள் தோட்டத்தில் டிராக்டர் பழுதுபார்த்து ஓய்வுபெற்ற பெரியவர் ஒருவர் வந்தார். பானெட்டைத் திறப்பதற்கு முன்பே, காடிக்குள் அமர்ந்து வானொலிப் பெட்டியின் மேல் உள்ளங்கையை வைத்துப் பார்த்தார்.

“பேட்டரி கெட்டுப்போகல டீச்சர். யாரோ ராத்திரியெல்லாம் கறந்துக்கிட்டு இருக்காங்க. இதத் தொட்டுப் பாருங்க” என்றார்.

தொட்டேன். இரவு முழுவதும் அணைந்து கிடந்த வானொலி இளஞ்சூடாக இருந்தது.

“தூங்குறவனுக்கு உடம்பு இப்படிச் சுடுமா?” என்று கேட்டுச் சிரித்தார் பெரியவர்.

நேயர்களே, அந்தச் சூட்டின் கணக்கை இப்போது பார்ப்போம். தாளும் எழுதுகோலும் இருந்தால் பிள்ளைகளை எழுதச் சொல்லுங்கள். ஐந்தாம் ஆண்டு மாணவர்கள் போடக்கூடிய கணக்குத்தான். ஒரு சிறிய காடியின் பேட்டரி 40 ஆம்பியர்-மணி கொள்ளளவு உடையது என்று வைத்துக்கொள்வோம். அதாவது, தொடர்ந்து 1 ஆம்பியர் எடுத்தால் ஏறக்குறைய 40 மணி நேரத்தில் காலியாகும். காடி நிற்கும்போதும் கடிகாரம், வானொலியின் நினைவு ஆகியவற்றிற்காகச் சிறிது மின்சாரம் செலவாகும். இது இயல்பானது. 0.02 முதல் 0.05 ஆம்பியர் வரை இருந்தால் கவலையில்லை. என் காடியில் பெரியவர் அளந்தபோது மீட்டர் 0.6 ஆம்பியர் காட்டியது.

வெள்ளிக்கிழமை மாலை 5 மணிக்கு நிறுத்திய காடியை ஞாயிறு இரவு 11 மணிக்கு எடுக்க முயன்றேன். இடையில் 54 மணி நேரம். 54-ஐ 0.6-ஆல் பெருக்கினால் 32.4. நாற்பதில் முப்பத்திரண்டுக்கு மேல் போய்விட்டது. மீதியைக் கொண்டு விளக்கு மங்கலாக எரியலாம். எஞ்சினைச் சுழற்ற முடியாது. வாரநாள்களில் தினமும் 40 கிலோமீட்டர் ஓடியதால், இரவில் இழந்ததைப் பகலில் ஓரளவு ஈடுகட்டிக்கொண்டது. ஆகவேதான் வாரக் கடைசியில் மட்டும் நோய் வெளிப்பட்டது. கசிவு 0.03 ஆம்பியராக மட்டும் இருந்திருந்தால், அதே 54 மணி நேரத்தில் 2 ஆம்பியர்-மணிகூடச் செலவாகியிராது.

புதிய பேட்டரி வாங்கியும் பயனில்லாமற் போனதன் காரணம் இப்போது விளங்குகிறதல்லவா? ஓட்டைப் பானையை அடைக்காமல் மேலும் மேலும் தண்ணீர் ஊற்றிய கதைதான். அதோடு, காடி பேட்டரி அடிமட்டம் வரை இறங்கி அப்படியே கிடந்தால், உள்ளே இருக்கும் ஈயத் தகடுகளின் மேல் ஈய சல்பேட்டு என்னும் உப்பு இறுகிப் படியும். பிறகு எவ்வளவு மின்னேற்றினாலும் பழைய கொள்ளளவு திரும்பாது. ஆக, கசிவு நல்ல பேட்டரியையும் கெடுத்துவிடுகிறது.

சரி, அணைத்துவிட்ட வானொலி ஏன் மின்சாரம் குடிக்கிறது? பின்னாளில் பொருத்தப்படும் பெரும்பாலான வானொலிகளின் பின்புறத்தில் மூன்று முக்கியமான ஒயர்கள் உண்டு. மஞ்சள் ஒயர் பேட்டரியிலிருந்து எப்போதும் மின்சாரம் பெற்று, நிலையங்களையும் நேரத்தையும் நினைவில் வைத்திருக்கும். சிவப்பு ஒயர், சாவியைத் திருப்பினால் மட்டும் மின்சாரம் பெற்று, ‘விழித்துக்கொள்’ என்று வானொலிக்குச் சொல்லும். கறுப்பு ஒயர் காடியின் உடலோடு இணைந்து மின்சாரம் திரும்பிச் செல்ல வழிவிடும். வேலையை விரைவாக முடிக்க நினைக்கிறவர்கள் சில வேளைகளில் மஞ்சளையும் சிவப்பையும் ஒன்றாக முறுக்கி ஒட்டிவிடுகிறார்கள். வானொலி நன்றாகத்தான் பாடும். ஆனால் சாவியை எடுத்துவிட்ட செய்தி அதற்குப் போய்ச் சேராது. பொத்தானை அழுத்தினால் முகப்பு விளக்கு அணையும். உள்ளே சில பகுதிகள் விழித்தே இருக்கும். என் காடியில் நடந்தது இதுதான். ஒயர் சரியாக இருந்தும், வானொலியின் உட்பகுதி பழுதாகி மின்சாரம் இழுப்பதும் உண்டு.

இதை எப்படிக் கண்டுபிடிப்பது? பெரியவர் செய்த முறையைச் சொல்கிறேன். இது பழைய, எளிய காடிகளுக்கு ஏற்றது. கணினிக் கருவிகள் மிகுந்த புதிய காடிகளில் நாமாகக் கை வைக்காமல், விவரம் தெரிந்த போமனிடம் விடுவதே நல்லது.

முதலில் பாதுகாப்பு. கையில் உள்ள மோதிரம், வளையல், கடிகாரம் ஆகியவற்றைக் கழற்றிவிடுங்கள். அருகில் சிகரெட்டோ, ஊதுவத்தியோ, கர்ப்பூரமோ எரியக்கூடாது. பேட்டரியிலிருந்து எளிதில் தீப்பற்றும் வாயு வெளியாகலாம். சிறு பிள்ளைகளைத் தள்ளி நிற்கச் சொல்லுங்கள்.

சாவியை எடுத்து, எல்லா விளக்குகளையும் அணைத்து, கதவுகளை மூடுங்கள். கதவு திறந்திருந்தால் உள்விளக்கு எரிந்து நம்மை ஏமாற்றும். பேட்டரியின் எதிர்முனையில், அதாவது கழித்தல் குறியுள்ள முனையில், இருக்கும் கேபிளை மட்டும் கழற்றுங்கள். அந்த முனைக்கும் கழற்றிய கேபிளுக்கும் இடையே 12 வோல்ட், 5 வாட் சிறு பல்பு ஒன்றை ஒயர் வைத்து இணையுங்கள். நம்பர் பிளேட்டுக்கு மேலே எரியும் சிறு பல்பு போதும். பல்பு எரியாவிட்டால் பெருங்கசிவு இல்லை. பளிச்சென்று எரிந்தால் எங்கோ கசிவு உண்டு.

இனிப் பியூஸ் பெட்டியில் உள்ள பியூஸ்களை ஒவ்வொன்றாகக் கழற்றி, பல்பைப் பார்த்துவிட்டு, அதே இடத்தில் திரும்பச் சொருகுங்கள். எதைக் கழற்றும்போது பல்பு அணைகிறதோ, அந்த வழியில்தான் கள்வன் ஒளிந்திருக்கிறான். என் காடியில் வானொலியின் பியூஸைக் கழற்றியதும் பல்பு அணைந்தது. சில காடிகளில் அதே பியூஸ் கடிகாரத்திற்கும் உள்விளக்கிற்கும் சேர்த்து இருக்கும். ஆகவே, வானொலியின் பின்புறப் பிளக்கையும் கழற்றிப் பார்த்து உறுதிசெய்துகொள்ள வேண்டும். எந்தப் பியூஸைக் கழற்றியும் பல்பு அணையாவிட்டால், பியூஸ் வழியாக வராத ஆல்டர்னேட்டர் போன்றவற்றைப் போமன் சோதிக்க வேண்டும்.

பல்புக்குப் பதிலாக மீட்டரும் வைக்கலாம். மீட்டரின் சிவப்பு ஒயரை 10 ஆம்பியர் என்று குறித்த துளையில் சொருகி அளக்க வேண்டும். ஒன்றை மறவாதீர்கள்: பல்போ மீட்டரோ இணைந்திருக்கும்போது காடியை ஸ்டார்ட் செய்யக்கூடாது, மீட்டர் கருகிவிடும்.

பேட்டரியின் நிலையையும் அதே மீட்டரால் அறியலாம். எஞ்சினை நிறுத்திச் சில மணி நேரம் கழித்து அளந்தால், 12.6 வோல்ட் முழு நிறைவு. 12.2 ஏறக்குறையப் பாதி. 12-க்குக் கீழே போனால் ஆபத்து. எஞ்சின் ஓடும்போது 13.8 முதல் 14.5 வோல்ட் வரை காட்ட வேண்டும். காட்டாவிட்டால் குறை வானொலியில் அன்று; மின்னேற்றும் ஆல்டர்னேட்டரையோ அதன் பெல்ட்டையோ பார்க்க வேண்டும்.

கண்டுபிடித்த பின் என்ன செய்வது? ஒயர்தான் குற்றவாளி என்றால், சிவப்பு ஒயரைப் பிரித்து, சாவி திருப்பினால் மட்டும் மின்சாரம் வரும் இடத்தில் இணைத்து, மேலே நன்றாக டேப் சுற்ற வேண்டும். எனக்குப் போமன் இதை 20 வெள்ளிக்குச் செய்துகொடுத்தார். நிறத்தை மட்டும் நம்பிவிடாதீர்கள். முன்பு வேலை செய்தவர் நிறம் மாற்றி இணைத்திருக்கலாம். சோதித்த பிறகே இணைக்கச் சொல்லுங்கள். சரிசெய்த பின் என் காடியில் மீட்டர் 0.02 காட்டியது. வானொலியின் உள்ளேயே பழுது என்றால், அதன் பிளக்கையோ பியூஸையோ கழற்றி வைத்துவிடுங்கள். பாட்டு இல்லாவிட்டாலும் காடி ஓடும்.

எதைச் செய்தாலும் செய்யக்கூடாத ஒன்று உண்டு. பியூஸ் அடிக்கடி எரிந்தால், சிகரெட் அட்டையின் ஈயத்தாளைச் சுற்றி வைப்பதோ, பெரிய பியூஸைப் போடுவதோ கூடாது. பியூஸ் எரிவது ஒயரைக் காப்பதற்காக. அது எரியாவிட்டால் ஒயர் எரியும். ஒயர் எரிந்தால் காடியே எரியும்.

அவசர நேரத்தில் இன்னொரு காடியின் பேட்டரியிலிருந்து கேபிள் கொடுத்து எடுக்கும் முறையையும் குறித்துக்கொள்ளுங்கள். இரண்டு காடிகளும் ஒன்றையொன்று தொடாமல், எஞ்சின் அணைந்து நிற்கட்டும். சிவப்புக் கேபிளின் ஒரு முனை நம் பேட்டரியின் கூட்டல் குறியில்; மறுமுனை நல்ல பேட்டரியின் கூட்டல் குறியில். கறுப்புக் கேபிளின் ஒரு முனை நல்ல பேட்டரியின் கழித்தல் குறியில். கடைசி முனை நம் பேட்டரியில் அன்று, அதற்குத் தள்ளி நம் எஞ்சினின் உறுதியான உலோகப் பகுதியில். பிறகு உதவ வந்த காடியை முதலில் ஓடவிட்டு, நம் காடியை எடுக்க வேண்டும். கழற்றும்போது இதே வரிசையைத் தலைகீழாகச் செய்யுங்கள். அன்றிரவு இதற்குரிய கேபிள் என்னிடம் இருந்திருந்தால், லாரி வந்தவுடனே உதவி கேட்கலாமே என்று நீங்கள் நினைக்கலாம். பல லாரிகளில் 24 வோல்ட் மின்சாரம் உண்டு. அதிலிருந்து காடிக்குக் கொடுக்கவே கூடாது. காடிக்குக் காடிதான் துணை.

அன்று மாலை என் தம்பி மகனை அழைத்து, அந்த முறுக்கிய ஒயரைக் காட்டி, “தவறு உன்னுடையது அன்று, ஐயா, அத்தைதான் விசாரிக்காமல் ஏசிவிட்டேன்” என்று சொன்னேன். சாவியை அவன் கையில் கொடுத்தேன். சிறிது நேரம் அதைப் பார்த்துக்கொண்டே நின்றான். பிறகு காடிக்குள் போய் அமர்ந்து பாட்டை வைத்தான். அவன் இப்போது மின் பொறியியல் தொழில்நுட்பராக வேலை செய்கிறான்.

ஆகவே, தாய்மார்களே, பெரியோர்களே! உங்கள் வாசலில் நிற்கும் காடி காலையில் எழ மறுத்தால், உடனே கடைக்கு ஓடிப் பணத்தைக் கொட்டாதீர்கள். வீட்டுப் பிள்ளைகளையும் ஏசாதீர்கள். முதலில் வானொலியின் மேல் கையை வைத்துப் பாருங்கள். பிறகு ஒரு சிறு பல்பை எடுத்துக் காரணத்தைத் தேடுங்கள். இருபது வெள்ளி வேலையைத் தள்ளிப்போட்டதால் நான் ஒரு நள்ளிரவில் ஒரு தாயின் முன் தலைகுனிந்து நின்றேன். அந்த நிலை உங்களுக்கு வர வேண்டாம்.