சோக்கும் வெளிச்சமும்



சாயங்காலம் சுவிட்சைப் போட்டதும் இரண்டு மூன்று முறை கண்சிமிட்டிவிட்டு எரிகிறதே டியூப்லைட், அது எரிந்து ஒரு மணி நேரம் கழித்துப் பட்டிக்கு அருகே கையைக் கொண்டுபோய்ப் பாருங்கள். தொடவே வேண்டாம், சூடு தெரியும். மெல்லிய ரீங்காரமும் கேட்கும். இரண்டும் பட்டிக்குள் இருக்கும் சோக்கிலிருந்து வருபவை. இரண்டுமே நாம் காசு கொடுத்த மின்சாரம், வெளிச்சமாகாமல் போன மின்சாரம்.

சோக் இல்லாமலும் முடியாது. குழாய்க்குள் பாதரச ஆவி வழியாக மின்சாரம் பாயத் தொடங்கிவிட்டால் தடை குறைந்துகொண்டே போகும், மின்னோட்டம் ஏறிக்கொண்டே போகும். கடிவாளம் போடாவிட்டால் குழாய் அப்போதே போய்விடும். அந்தக் கடிவாளம்தான் சோக்.

செம்புக் கம்பி சுற்றிய பழைய சோக் தன் பங்குக்கு 10 முதல் 15 வாட் வரை தின்றுவிடும். குழாயில் 36 வாட் என்று போட்டிருக்கும். மீட்டர் ஓடுவதோ ஏறக்குறைய 48 வாட்டுக்கு. எலக்ட்ரானிக் சோக், நொடிக்கு 50 சுற்றாக வரும் மின்சாரத்தை 20,000 சுற்றுக்கும் மேலாக்கிக் குழாய்க்கு ஊட்டுகிறது. அந்த வேகத்தில் குழாய் சுமார் 10 சதவீதம் கூடுதலாகவே ஒளிரும். அதனால் குழாய்க்கு 32 வாட் போதும். சோக்கின் செலவையும் சேர்த்தால் 36 வாட். மிச்சம் 12 வாட். தினம் 10 மணி நேரம் எரியும் ஒரே விளக்கில் வருடத்துக்கு 43 யூனிட்டுக்கு மேல் மிச்சம்! நூறு விளக்கு எரிகிற மில்லுக்கு எவ்வளவு என்று நீங்களே பெருக்கிக்கொள்ளுங்கள்.

இன்னொரு நன்மையை லேத் பட்டறைக்காரர்கள் அறிவார்கள். பழைய சோக்கில் வெளிச்சம் நொடிக்கு 100 முறை ஏறி இறங்கும். அந்த வெளிச்சத்தில், சுற்றுகிற இயந்திரம் சில வேளை நின்றுவிட்டதுபோலத் தோன்றும். கை வைத்தால் விரல் போகும். எலக்ட்ரானிக் சோக்கில் அந்த ஆபத்து மிகவும் குறைவு.

ஆனால் ஒரு விஷயத்தில் ஏமாந்துவிடக் கூடாது. வாட் குறைவு என்று விற்கப்படும் எல்லா சோக்கும் திறமையானது அல்ல. சில சோக்குகள் குழாயை மங்கலாக எரியவிட்டே வாட்டைக் குறைக்கின்றன. இதை அளக்க ஓர் எண் உண்டு; ‘பேலஸ்ட் ஃபேக்டர்’ என்பார்கள். ஆய்வுக்கூடத்தின் அளவுகோல் சோக்கில் 100 பங்கு வெளிச்சம் தரும் குழாய், உங்கள் சோக்கில் 88 பங்கு தந்தால் அந்த எண் 0.88. அது 0.75 என்றால் கால் பங்கு வெளிச்சம் போயிற்று. பிள்ளைகள் படிக்கும் மேசைக்கு அது போதாது.

அடுத்த முறை சோக் வாங்கும்போது, எத்தனை வாட் என்பதோடு நிறுத்திவிடாதீர்கள். பெட்டியைத் திருப்பி, அந்த இன்னோர் எண்ணையும் பார்த்து வாங்குங்கள்.