நின்று பார்க்கும் கப்பல்



அலாஸ்காவின் தென்கிழக்கே ஆயிரத்துக்கும் மேற்பட்ட தீவுகள் சிதறிக் கிடக்கின்றன. அவற்றின் ஊடே செல்லும் கடல்வழிக்கு இன்சைடு பாசேஜ் என்று பெயர். கோடையில் மூவாயிரம், நாலாயிரம் பேரைச் சுமந்த பெருங்கப்பல்கள் இவ்வழியே போகும். துறைமுகத்துக்குப் போய்ச் சேர வேண்டிய நேரம் அவற்றை விரட்டிக்கொண்டே இருக்கும். அறுபது, எழுபது பேர் போகும் சிறு கப்பலில் அந்த விரட்டல் குறைவு. எதிரே திமிங்கிலம் தெரிந்தால் கேப்டன் வேகத்தைக் குறைத்து, மணிக்கணக்கில்கூட அங்கேயே கிடப்பார். இந்தப் பயணத்துக்குக் கொடுக்கும் காசு, என்னைக் கேட்டால், இதற்குத்தான். அறையும் விருந்தும் அப்புறம்.

ஹம்ப்பேக் திமிங்கிலங்கள் குளிர்காலத்தை ஹவாய்க் கடலில் ஏறக்குறையப் பட்டினியாகவே கழிக்கும். பிறகு நாலாயிரம் கிலோமீட்டருக்கு மேல் நீந்தி, வயிற்றை நிரப்ப அலாஸ்காவுக்கு வரும். சில சமயம் பத்துப் பன்னிரண்டு ஒன்றுசேர்ந்து ஹெர்ரிங் மீன் கூட்டத்தை வளைக்கும். மீன்களுக்கு அடியில் ஒன்று வட்டமிட்டபடி காற்றைக் குமிழிகளாக விடும். குமிழிச் சுவரைத் தாண்டப் பயந்து மீன்கள் நடுவில் நெருக்கியடித்து நிற்கும்.

வானொலி கேட்பவர்களுக்கு அடுத்ததைச் சொல்லாமல் விட முடியாது. சில கப்பல்களில் நீருக்குள் ஒலிவாங்கியை இறக்கிவைப்பார்கள். ஒரு திமிங்கிலம் நீட்டி முழக்கும் குரல் அதில் கேட்கும். சுருதி ஏறிக்கொண்டே போகும், சட்டென்று நிற்கும். உடனே அத்தனையும் வாயைப் பிளந்துகொண்டு நீரைக் கிழித்து எழும்! எந்த இடத்தில் எழும் என்பது கடற்காகங்களுக்குப் பெரும்பாலும் முன்பே தெரிந்துவிடும். கைப்பேசித் திரையையே பார்த்துக்கொண்டிருப்பவர்களுக்குத்தான் தெரிவதில்லை.

ஆசை இருக்கிறதென்று கிட்டே போய்விட முடியாது. ஹம்ப்பேக்கிலிருந்து நூறு கஜத்துக்குள் படகு நெருங்கக் கூடாது, அதன் வழியில் முன்கூட்டிப் போய் நிற்கவும் கூடாது என்பது அங்கே சட்டம்.

சிறு கப்பலிலிருந்து கரையிறங்கும் இடங்களில் பெரும்பாலும் படகுத்துறை கிடையாது. ரப்பர் படகில் போய், முழங்கால்வரை பூட்ஸ் போட்டுக்கொண்டு தண்ணீரில் இறங்கி நடக்க வேண்டும். எப்போது இறங்குவது என்பதை ஓதம்தான் தீர்மானிக்கும். சில நாளில் கடல் ஐந்து மீட்டருக்கு மேல் ஏறி வடியும். வடிந்த நேரத்தில் பாறையெல்லாம் நட்சத்திர மீன்கள். மேலே டோங்காஸ் மழைக்காடு. மழைக்கோட்டு இல்லாமல் போகிறவர்கள் பாவம்.

காட்டுக்குள் வழிகாட்டி உரக்கப் பேசிக்கொண்டே முன்னால் நடப்பார். திடுக்கிட்ட கரடிதான் ஆபத்து. ஆள் வருவது முன்பே தெரிந்தால் அது பெரும்பாலும் ஒதுங்கிவிடும். அட்மிரால்டி தீவில் மனிதர்களைவிடப் பழுப்புக் கரடிகளே அதிகம். ஜூலை, ஆகஸ்டில் சால்மன் மீன்கள் ஓடையேறும்போது கரடிகளை அங்கே பார்க்கலாம்.

சிறு கப்பலின் கட்டணம் பலருக்குக் கட்டுப்படியாகாது. அவர்களுக்கும் வழி இருக்கிறது. 1963 முதல் அலாஸ்கா அரசின் பயணிகள் கப்பல்கள் இதே கடல்வழியில் ஓடுகின்றன. செலவு மிகக் குறைவு. மேல்தளத்தில் நின்றால் அதே திமிங்கிலங்களைப் பார்க்கலாம், ஆனால் அவற்றுக்காகக் கப்பலை நிறுத்த மாட்டார்கள்.