நாகைக் காரோணமும் கப்பலேறிய கரையும்

(ஆலயத் திருவிழாவை முன்னிட்டு நிகழ்த்தப்பெற்ற உரையின் எழுத்து வடிவம்)

 

சித்தியவான் வட்டாரத்திலிருந்து தமிழகத்திற்குத் தலயாத்திரை செல்வோர் பெரும்பாலும் ஒரே தடத்தில் சென்று திரும்புகின்றனர். கோலாலம்பூரில் விமானம் ஏறித் திருச்சிராப்பள்ளியில் இறங்குகின்றனர். திருவரங்கம், சமயபுரம், தஞ்சைப் பெரிய கோயில், பழனி, மதுரை என்று வளரும் பயணம் இறுதியில் ஏதேனும் ஒரு புடவைக்கடையில் நிறைவு பெறுகின்றது. திருச்சிக்குக் கிழக்கே ஏறத்தாழ 140 கிலோமீட்டர் தொலைவில், கடலோரத்தில் இருக்கும் நாகப்பட்டினம் அந்தப் பட்டியலில் இடம்பெறுவது அரிது. இடம்பெற்றாலும், நாகூருக்கோ வேளாங்கண்ணிக்கோ செல்லும் வழியில் தேநீர் அருந்தும் ஊராகவே அது கழிந்துவிடுகின்றது. மலேசியத் தமிழர்களின் பயணத்தில் இதனைக் காட்டிலும் பெரிய விடுபாடு வேறொன்று இருக்க முடியாது.

நாகையின் நடுநாயகமாக விளங்குவது காயாரோகணேசுவரர் ஆலயம். அப்பர், சம்பந்தர், சுந்தரர் ஆகிய மூவரும் பாடிய தலம். தேவாரத்தில் அதன் பெயர் நாகைக் காரோணம். அம்பிகை நீலாயதாட்சி. கருங்கடலை ஒத்த நீள்விழியாள் என்று அந்தத் திருநாமத்திற்குப் பொருள் கொள்வர். ஆடிப்பூரம் அவளுக்குரிய பெருவிழா. திருவாரூரைத் தலைமையாகக் கொண்ட ஏழு விடங்கத் தலங்களுள் இதுவும் ஒன்றாகும். இங்கே எழுந்தருளியிருப்பவர் சுந்தர விடங்கர். அவர் ஆடுவது பாராவார தரங்க நடனம், அதாவது கடலலையின் அசைவைப் போன்ற ஆட்டம். கடலோர ஊருக்கு இறைவன் கடலைப் போலவே ஆடுகிறான் என்று கண்டுகொண்ட முன்னோரின் உள்ளம் எண்ணி வியத்தற்குரியது. சற்றுத் தொலைவில் திருமங்கையாழ்வார் பாடிய சௌந்தரராசப் பெருமாள் கோயிலும் உள்ளது. மேற்கே சிக்கலில் சிங்காரவேலர். கந்தசட்டியின்போது அன்னையிடம் வேல் வாங்கும் வேளையில் அவர் திருமேனியில் வியர்வை அரும்புவதைக் காணப் பெருந்திரள் கூடும்.

ஆயினும் இத்தலத்தில் மனத்தை மிகவும் கவர்பவர் அதிபத்த நாயனார். அறுபத்து மூவருள் ஒருவர். நாகையின் நுளைப்பாடியில் மீனவர் தலைவராக வாழ்ந்தவர். வலையில் அகப்படும் முதல் மீனைச் சிவபெருமானுக்கென்று கடலிலேயே விட்டுவிடுவது அவரது நியமம். ஒரு காலத்தில் வலைக்கு நாளொன்றுக்கு ஒரே ஒரு மீன்தான் கிடைத்தது. அதனையும் அவர் கடலில் விட்டார். சுற்றத்தார் பசியால் வாடினர்; அவரும் மெலிந்தார்; நியமம் மட்டும் மாறவில்லை. பின்னர் ஒருநாள் பொன்னும் மணியும் பதித்தாற்போன்ற மீன் ஒன்று வந்தது. அன்றைக்கு அது ஒன்றுதான். அதுவும் கடலுக்கே போயிற்று. சேக்கிழார் பாடிய இந்த வரலாற்றை ஆவணி மாத ஆயிலிய நாளில் நாகையில் நேரில் காணலாம். தங்கமீனைப் படகில் ஏற்றிச் சென்று கடலில் விடும் விழாவை மீனவப் பெருமக்களே முன்னின்று நடத்துகின்றனர். பங்கோர் காளியம்மன் ஆலயத்தில் கடலைப் பார்த்தவாறு மாசிமகம் கொண்டாடும் அன்பர்களுக்கு இந்த விழா அந்நியமாகத் தோன்றாது.

இனி, கப்பலேறிய கரைக்கு வருவோர் காணவேண்டியது என்ன? காண்பதற்குப் பெரிதாக ஒன்றும் இல்லை என்பதே உண்மை. நாகையில் பெருங்கப்பல் கரையை அணைய இயலாது. அது ஆழ்கடலில் நங்கூரமிட்டு நிற்கும். மக்களைப் படகில் ஏற்றிக் கப்பலுக்குக் கொண்டு செல்வர். மலாயா செல்லும் தொழிலாளர்களைத் தங்கவைத்து மருத்துவச் சோதனை செய்யும் முகாம்கள் நாகையிலும் சென்னைக்கு அருகே ஆவடியிலும் இருந்தன. 1907-ஆம் ஆண்டில் அமைக்கப்பட்ட தமிழ்க் குடியேற்ற நிதியிலிருந்து பயணச் செலவு கொடுக்கப்பட்டது. அந்த நிதிக்குத் தோட்ட முதலாளிகள் தீர்வை செலுத்தினர். கங்காணிகள் ஊர் ஊராகச் சென்று ஆள் சேர்த்தனர். 1938-இல் இந்திய அரசு இத்தகைய உதவிக் குடியேற்றத்தைத் தடை செய்யும் வரை சேலம், திருச்சி, தஞ்சை, வட ஆற்காடு, தென் ஆற்காடு என்று பல ஜில்லாக்களைச் சேர்ந்த ஏழை எளியோர் இவ்வழியே சென்றனர். ஏறக்குறைய ஒரு வாரக் கடற்பயணம். பினாங்கு வந்தடைந்ததும் ஜெரெஜாக் தீவில் நோய்த்தடுப்பு முகாம்; அதன் பின்னரே தோட்டம், லயம், பால்மரம்.

‘ரஜூலா’ என்னும் பெயரை அறியாத முதியவர் பேராக்கில் இருந்ததில்லை எனலாம். 1926-இல் கட்டப்பெற்ற அந்தக் கப்பல் ஏறத்தாழ அரை நூற்றாண்டுக் காலம் சென்னை, நாகை, பினாங்கு, சிங்கப்பூர் ஆகிய துறைகளுக்கிடையே மக்களைச் சுமந்தது. அதன் பின்னர் ‘சிதம்பரம்’ என்னும் கப்பல் ஓடிற்று. 1985 பிப்ரவரியில் நடுக்கடலில் அதில் தீப்பற்றிப் பலர் மாண்டனர். அத்துடன் மலேசியாவுக்கும் தமிழகத்துக்கும் இடையிலான பயணிகள் கப்பற் போக்குவரத்து முடிவுற்றது. 2023-இல் நாகையிலிருந்து இலங்கையின் காங்கேசன்துறைக்குக் கப்பல் விடப்பட்டது. கிழக்கே வருவதற்கு மட்டும் கப்பல் இல்லை.

ஆகவே நாகையைக் கூலிகளின் கரை என்று மட்டும் நினைப்போர் உளர். அது பிழை. ஆயிரம் ஆண்டுகளுக்கு முன்பு வருகை எதிர்த்திசையிலும் இருந்தது. கடாரத்தையும் ஸ்ரீவிஜயத்தையும் ஆண்ட சூளாமணிவர்மனும் அவன் மகன் மாறவிஜயோத்துங்கவர்மனும் நாகையில் புத்தப்பள்ளி ஒன்றை எழுப்பினர். அதுவே சூளாமணி விகாரம். சிவபாதசேகரன் என்று போற்றப்பெற்ற முதலாம் இராசராசன் தன் 21-ஆம் ஆட்சியாண்டில் அதற்கு ஆனைமங்கலம் என்னும் ஊரைக் கொடையாக அளித்தான். இராசேந்திரன் அதனைச் செப்பேட்டில் பொறித்து உறுதி செய்தான். அதே இராசேந்திரனின் கடற்படைதான் 1025-இல் கடாரத்தின்மீது பாய்ந்தது! அச்செப்பேடுகள் பிற்காலத்தில் ஐரோப்பாவுக்குக் கொண்டு செல்லப்பட்டு லெய்டன் செப்பேடுகள் என்று பெயர் பெற்றன. விகாரத்தின் எஞ்சிய கோபுரம் 1867-இல் இடித்துத் தள்ளப்பட்டது. அப்பகுதியில் கிடைத்த வெண்கலப் புத்தர் படிமங்கள் ஏறத்தாழ 350. அவற்றுள் பல சென்னை அருங்காட்சியகத்தில் உள்ளன. கடாரத்து மன்னர் நாகையில் பள்ளி எழுப்பினர். நாகையில் கப்பலேறியவர்களோ கடாரத்திலும் பேராக்கிலும் லயத்தின் ஓரத்தில் மாரியம்மனுக்கு அத்தாப்புக் குடில் எழுப்பினர். மன்னனின் கட்டடம் மறைந்தது. குடில்களில் பல கோபுரம் பெற்று நிற்கின்றன.

சித்தியவானுக்கு மற்றொரு தொடர்பும் உண்டு. 1658 முதல் 1781 வரை நாகையை ஆண்ட டச்சுக் கம்பெனியார்தாம் பங்கோர் தீவின் தெலுக் கெடோங்கில் ஈய வணிகத்தைக் காக்க 1670 வாக்கில் கோட்டை கட்டினர். அந்தக் கோட்டையின் இடிபாட்டைக் கண்டவர்கள் நாகையில் நிற்கும்போது அதே கம்பெனியின் மறுகரையில் நிற்கின்றனர்.

2004 டிசம்பர் 26-ஆம் நாள் ஒரே கடல் இரு கரைகளையும் தாக்கியது. நாகை மாவட்டத்தில் ஆறாயிரத்திற்கும் மேற்பட்டோர் மாண்டனர். மலேசியாவிலும் பினாங்கு, கெடா கரைகளில் உயிர்ச்சேதம் நேர்ந்தது. அதற்குப் பின்னும் அதிபத்தரின் மரபினர் கடலுக்குச் செல்வதை நிறுத்திவிடவில்லை.

செல்லக் கருதும் அன்பர்களுக்கு அவசரமான செய்தி ஒன்று உண்டு. தோட்டங்கள் துண்டாடப்பட்டு, செம்பனைக்கும் வீடமைப்புக்கும் மாறி, லயத்து மக்கள் சிதறியபோது தோட்டப் பதிவேடுகளும் பல இடங்களில் சிதறிப்போயின. பாட்டனின் ஊர்ப்பெயர் இன்று எண்பது வயதைக் கடந்த ஒரு சிலரின் நினைவில் மட்டும் இருக்கின்றது. பழைய கடப்பிதழோ பிறப்புப் பத்திரமோ வீட்டுப் பெட்டியில் இருக்குமாயின் அதனை முதலில் தேடி எடுத்தல் நலம். ஆனால் அதில் உள்ள ஊர்ப்பெயர் அன்றைய கிராணியின் காதில் விழுந்தபடி எழுதப்பட்டிருக்கும். வாய்விட்டுப் பலமுறை படித்தால்தான் உண்மைப் பெயர் புலப்படும். ஜில்லாவின் பெயரும் இன்று உதவாது. வட ஆற்காடு 1989-இலும் தென் ஆற்காடு 1993-இலும் பிரிக்கப்பட்டன. தஞ்சையிலிருந்து 1991-இல் நாகை பிரிந்தது. நாகையிலிருந்து திருவாரூரும், 2020-இல் மயிலாடுதுறையும் பிரிந்தன. ஆதலால் ஊருடன் தாலுகாவின் பெயரையும், குலதெய்வத்தின் பெயரையும் சேர்த்து எழுதிக்கொண்டு செல்லவேண்டும். அலுவலகத்தில் கிடைக்காத விடை குலதெய்வக் கோயிற் பூசாரியிடம் கிடைப்பதுண்டு.

நாகையில் ஓர் இரவேனும் தங்குதல் வேண்டும். திருவாரூரிலிருந்து 24 கிலோமீட்டர்தான். தியாகராசரைத் தரிசித்துவிட்டு மாலைப் பூசைக்குக் காரோணம் வந்துவிடலாம். கடற்கரைக்கு மறுநாள் விடியலில் செல்வதே பொருத்தம். லுமுட்டிலும் தெலுக் பாத்திக்கிலும் சூரியன் கடலில் இறங்கக் கண்டு பழகியவர்கள், அங்கே அது கடலிலிருந்து எழுவதைக் காண்பர். கப்பல்கள் நின்ற திசையும் அதுவே.