ஃபைல் போச்சு, பேர் மட்டும் நிக்குது
ஓசூர் சிப்காட் பக்கம் ஒரு பட்டறை. பழைய மெஷினுக்காகவே ஒரு விண்டோஸ் 98 கம்ப்யூட்டர் ஓடுதுன்னு வெச்சுக்குங்க. காலையில ஆன் பண்ணா, ‘டிவைஸ் ஃபைலைக் காணோம்’னு நிக்குது. உடனே ஃபார்மட் பண்ணிடாதீங்க. அந்த மெஷின் சாஃப்ட்வேரோட ஃப்ளாப்பிக்கு எங்க போவீங்க?

ஒரு கீயை அழுத்துங்க, பெரும்பாலும் விண்டோஸ் திறந்துடும். ஏதோ சாஃப்ட்வேரை நீக்கியிருப்பீங்க; ஃபைல் போயிடுச்சு, பேர் போகல. வீட்டைக் காலி பண்ணினவர் பேர் வாக்காளர் பட்டியல்ல நிக்கிற மாதிரி.

திரையில் வந்த பேரைக் குறிச்சுக்குங்க. ‘.386’னு முடிஞ்சா, சிஸ்டம்.ஐஎன்ஐ-யில் அந்த வரிக்கு முன்னாடி ஒரு செமிகோலன் போடுங்க. ‘.விஎக்ஸ்டி’ன்னா, ரெஜிஸ்ட்ரியை எக்ஸ்போர்ட் பண்ணி வெச்சுட்டு, அந்தப் பதிவை மட்டும் நீக்குங்க. ஆனா அந்த ஃபைல் மெஷினுக்கே வேணும்னா? அழிக்காதீங்க, அந்த டிரைவரைத் திரும்ப இன்ஸ்டால் பண்ணுங்க.